உலைச்சுவர் வரை ஏறிய கடல்

சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு எல்லாம் கோளாறாக ஆரம்பித்தது. அப்போது எங்களில் யாரும் கடலுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆக்லாந்தின் மேற்குப் பகுதியான ரானுயியில், எங்கள் வீட்டுச் சமையலறையில், ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டபடி, சேலத்து இனிப்புக் கடை ஒன்று அச்சடித்த தினசரிக் காலண்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். சனிக்கிழமை, ராகு காலம், ஒன்பது முதல் பத்தரை.

"ஒம்பது அடிச்சிருச்சு. பத்தரை வரைக்கும் யாரும் வாசலத் தாண்ட வேண்டாம்," என்றேன்.

மகள் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. லேர்னர் லைசென்ஸ் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக மலைச்சாலையில், வளைவுகளில், அவள் ஓட்டுவதாக இருந்தது. என்னைப் போல எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஒரு தாய் அந்த முதல் ஓட்டத்தை ராகு காலத்தில் தொடங்கவிடுவாளா?

"அம்மா, ஸீரியஸ்லி? டைட் நமக்காக வெயிட் பண்ணாது, கடல் ஏறிடும்."

அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். மனுகாவ் துறைமுகத்தின் வடகரையில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவில், வெள்ளைக்காரக் குடியேறிகள் கட்டிய பழைய இரும்பாலை ஒன்றின் இடிபாடு இருக்கிறது. அதைப் பற்றித்தான். அந்த இடத்துக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். கடல் இறங்கியிருக்கும்போது மணலில் நடந்து போகலாம். ஏறிவிட்டால் பாதையே கிடையாது. ஒன்பது மணிக்குக் கிளம்பி, தண்ணீர் வற்றும்போது போய், மறுபடி ஏறுவதற்குள் திரும்பிவிடலாம் என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணரை மணி நேரம்தானே கண்ணு, ஒண்ணும் ஆகாது," என்றார் என் கணவர். மென்பொருள் வேலை பார்க்கிறவர். இவற்றில் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் என்னோடு வாதம் செய்வதில் அதைவிட நம்பிக்கை இல்லாதவர்.

அந்த நேரத்தில் கொல்லை மரத்திலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் பறித்து, மஞ்சள் நிற 'எல்' அட்டை ஒட்டிய காரின் முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து பிள்ளையார் காந்தத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது பக்திக்காக இல்லை. அங்கே கருப்பு மணல் இருக்கும், காந்தம் வேண்டும். நான் சேலத்தில் உலோகவியல் படித்தவள். இங்கே வந்த பிறகு ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் கையுறைகளும் பஞ்சும் வாங்கிப் போடுகிறேன். உலை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லியே பல வருடமாகியிருந்தது. உண்மையைச் சொன்னால், அன்று காலை மகளைவிட எனக்குத்தான் பரபரப்பு அதிகம்.

பத்தரைக்கு மகள் எழுந்தாள். அப்போதுதான் என் கணவர் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் காலண்டர் இந்தியாவுக்குப் போட்டது. ராகு காலம் சூரியன் உதிக்கிறதை வெச்சுக் கணக்குப் பண்றதாமே? ஆக்லாந்துக்குப் போட்டுப் பாத்தேன். இன்னிக்கு இங்க பத்து மூணுக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. இவ்வளவு நேரம் நல்ல நேரத்துல உக்காந்திருந்துட்டு, கரெக்டா ராகு காலத்துல கிளம்பறோம்!"

என்னைக் கிண்டல் செய்யத்தான் அவர் அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்ப முடியுது?"

அவர் சிரிப்பு நின்றது. "பதினொண்ணு முப்பத்தேழு," என்றார், கேட்காத குரலில்.

மகள் அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்பா. ஏன்ப்பா? ஏன் வாயத் திறந்த?"

இடையில் ஒரு தொலைபேசி வந்தது. அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. பஸ் ஓட்டுகிறவர். சனிக்கிழமை விடுமுறை என்றால் தன் டின்னியை இழுத்துக்கொண்டு மனுகாவுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். டின்னி என்றால் இங்கே சின்ன அலுமினியப் படகு. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா, நான் படகை இறக்கிப்போட்டன். இனிப் பெருக்குத் தண்ணி, ஸ்னாப்பர் மீன் வரும். உங்களுக்கு ரெண்டு வைக்கட்டோ?"

"வைங்க தம்பி. நாங்களும் அந்தப் பக்கம்தான் வரணும். இன்னும் கிளம்பலை."

என் கணவர் பின்னாலிருந்து நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு.

"ரெண்டு ராகு காலமோ! சேலத்துக்கு ஒண்டு, ஆக்லாந்துக்கு ஒண்டோ? அண்ணை, யாழ்ப்பாணத்துக் கணக்கையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, பின்னேரம்தான் வெளிக்கிடலாம்!"

மகள் தரையிலிருந்தே கைதட்டினாள்.

எலுமிச்சம்பழம் நசுங்க கார் நகர்ந்தபோது பதினொன்றே முக்கால். அவள் நன்றாகவே ஓட்டினாள். நான்தான் பின் இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். டிட்டிராங்கி தாண்டி, மலை இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு நடுவே கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. தடத்தின் தொடக்கத்தில் ஷூவைத் தேய்த்து, மருந்து தெளித்தோம். கவுரி மரங்களுக்கு நோய் பரவாமலிருக்க இங்கே காட்டுக்குள் நுழையும் எல்லோரும் செய்வதுதான். என் கணவருக்கு முழங்கால் வலி. ஓடைக்கரையில் காரிலேயே, பிளாஸ்க் தேநீரோடு இருந்துகொண்டார்.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. அது ஏறுகிற தண்ணீர் என்று மகளுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இருபது நிமிஷம்," என்றாள். "ஒன்லி ட்வென்டி மினிட்ஸ், அம்மா. போட்டோ எடுக்கறோம், வரோம்."

"கணுக்கால் தண்ணிதானே, வா," என்று நான்தான் முதலில் இறங்கினேன்.

அங்கே என்ன இருக்கும் என்று நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. நான்கு செங்கல், ஒரு தகவல் பலகை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். புதரை விலக்கியதும் நின்றுவிட்டேன். என் உயரத்துக்கு இரண்டு மடங்கு, கருங்கல்லால் கட்டிய சதுரமான உலை அடித்தளம். அதன் உள்பக்கம் தீச்செங்கல் வரிசை வரிசையாக, விளிம்பு உருகி, கண்ணாடி பூசியது போலப் பளபளத்தது. ஒரு போஹுடுகாவா மரம் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, வேர்களால் அதை ஒரு பொட்டலம் போலக் கட்டி வைத்திருந்தது. கொஞ்சம் தள்ளிப் பாதி விழுந்த புகைபோக்கி. துருவேறிய கொதிகலன் ஓடு. அதற்குள் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. உலைச்சுவரின் ஒரு பக்கம் நேராகக் கடலில் போய் முடிந்தது.

"அம்மா, ப்ரீத்," என்றாள் மகள். நான் மூச்சுவிட மறந்து நின்றிருக்கிறேன்.

பலகையில் இருந்தது சுருக்கமான கதை. மேற்குக் கடற்கரை முழுக்க இரும்பு கலந்த கருப்பு மணல் கிடப்பதைக் குடியேறிகள் கண்டார்கள். வெட்டி எடுக்க வேண்டாம், சும்மா அள்ளினால் போதும். சுற்றிலும் கரி சுட மரம். கொண்டுவரப் படகு. ஓர் உலையைக் கட்டி இரும்பு உருக்கத் தொடங்கினார்கள். பணம் தீர்ந்தது, ஆலை மூடப்பட்டது. அந்தத் துறையில் அவர்களுக்கு முன்னால் மீன் பிடித்து வாழ்ந்த மாவோரிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை மகள் படமெடுத்துக்கொண்டாள். "ஆய்வுல இதுக்குத் தனி பேராகிராஃப்," என்றாள் கறாராக.

நான் பிள்ளையார் காந்தத்தை எடுத்து மணலில் வைத்தேன். பிள்ளையாருக்குத் தாடி முளைத்தது. கருப்பு மணல் முள் முள்ளாக அவர் முகத்தைச் சுற்றி எழுந்து நின்றது. கல்லூரியில் படித்தபோது கஞ்சமலை அடிவாரத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். அங்கேயும் ஓடை மணலில் இதே போலக் காந்தத்தை இழுத்தோம். அந்த மலையின் இரும்புக் கல்லைப் பரிசலில் ஆற்றோடு கொண்டுபோய், கடலோரம் பரங்கிப்பேட்டையில் உலை கட்டி உருக்கப் பார்த்தான் ஒரு வெள்ளைக்காரன். அதுவும் நொடித்துப்போனது. அந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேனே தவிர, இப்படி ஓர் உலையின் வயிற்றுக்குள் ஒருநாள் நிற்பேன் என்று நினைக்கவில்லை.

ஆமாம், வயிற்றுக்குள். உருகிய இரும்பு வெளியே வரும் வாய் வழியாகக் குனிந்து உள்ளே போய்விட்டேன்.

அங்கேதான் அது கிடந்தது. உலையின் அடியில், ஒரு மாட்டின் அளவுக்கு, கருத்த கட்டி. மேலே பாசி. முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். ஒரு மூலை உடைந்திருந்தது. அதில் தீச்செங்கல் துண்டும் கரித்துண்டும் பதிந்திருந்தன. கரி! அத்தனை வருடம் கழித்தும் மரத்தின் வரிகள் தெரியும் கரி! காந்தத்தைக் கொண்டுபோனேன். பாதி தூரத்திலேயே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போலப் போய் ஒட்டியது.

"கண்ணு! ஓடி வா! வா, வா, வா!"

அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். கட்டியின் மேல் பிள்ளையார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"இது கல்லு இல்லடி. உலையோட கடைசிச் சமையல். வெளிய வராமலே உள்ளயே உறைஞ்சிருச்சு."

"என்ன சொல்ற? புரியற மாதிரி சொல்லு."

"அதிரசத்துக்குப் பாகு வெக்கும்போது முத்திப்போனா என்ன ஆகும்? கரண்டியோட பாத்திரத்துலயே இறுகிடும்ல? அதேதான். இந்த மணல்ல இரும்பு மட்டும் இல்ல, டைட்டானியமும் இருக்கு. அது கசடைக் கெட்டியாக்கிடும். கசடு ஓடாது. கசடு ஓடலைன்னா இரும்பும் ஓடாது. உள்ள அடைச்சுக்கும். மேலருந்து கரி போட்டுட்டே இருப்பாங்க, இந்த ஓட்டையில கடப்பாரையால குத்திட்டே இருப்பாங்க. ஒண்ணும் வராது. சூடு குறையும். அப்புறம் முடிஞ்சுது. உலையை இடிச்சாத்தான் இதை வெளிய எடுக்க முடியும். எடுக்கலை பாரு. விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அப்போ பலகையில பணம் தீர்ந்ததுன்னு போட்டிருக்கே?"

"மொதல்ல உலை உறைஞ்சுது. பணம் அப்புறம்தான் தீர்ந்திருக்கும்."

அவள் கண்கள் விரிந்ததை நான் மறக்க மாட்டேன். வழக்கமாக நான் மூன்று வரி தமிழில் கேட்டால் ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். "ஹோலி..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினாள். கைப்பேசியைத் தூக்கினாள்.

"மறுபடி சொல்லு. அந்த அதிரசத்தையும் சேர்த்துச் சொல்லு. கேமராவப் பாரு. தலைமுடிய ஒதுக்கு."

சொன்னேன். அதற்குப் பிறகும் நிறுத்த முடியவில்லை. காற்று ஊதிய குழாய் எங்கே நுழைந்தது, மணலை எந்தப் பக்கத்திலிருந்து ஏற்றினார்கள், எல்லாவற்றையும் காட்டினேன். உலைச்சுவரின் அடியிலிருந்து கடலை நோக்கிப் பாறையில் ஓரம் சீராக வெட்டிய ஒரு பள்ளம் போனது. இரண்டு பக்கமும் அரித்துப்போன மரக்கட்டைகள் வரிசையாக நின்று, கடலுக்குள் நீட்டிய பாறை முனையைச் சுற்றி மறைந்தன.

"இது ட்ரெயினேஜா?" என்றாள்.

"சாக்கடைக்கு இவ்வளவு அகலம் எதுக்கு? படகு வர்ற வழி. கனமான மணல் மூட்டையோட வந்த படகு. சுத்தி எல்லாம் சிப்பிப் பாறை, அதனால இதை மட்டும் வெட்டி ஆழம் பண்ணியிருக்காங்க. கடல் ஏறும்போது படகு நேரா உலைக்கே வந்து நிக்கும்."

"அந்தக் கடைசிக் கட்டைகள ஒரு போட்டோ. ஃபைவ் மினிட்ஸ்."

பாறைகளில் தாவி, முனையைச் சுற்றி அவள் மறைந்தாள். நான் மறுபடி உலைக்குள் குனிந்தேன். கட்டியின் உடைந்த மூலையில் நீலமும் கருப்புமாகக் கண்ணாடிக் கசடு. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கடைசி நாளில் இந்த வாய்க்கு முன்னால் கடப்பாரையோடு நின்றவனின் முகத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். ஷூவுக்குள் ஏதோ சில்லென்றது. கீழே பார்த்தேன். உலையின் வாய் வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெளியே ஓடிவந்தேன். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர் அகலமாக, சுழித்துக்கொண்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நடந்து வந்த மணல்திட்டைக் காணோம். அக்கரையில் என் கணவர் காருக்கு வெளியே நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. நான் நிற்கிற இடம் மேடு. அவள் எங்கே?

முனைக்கு ஓடினேன். அவள் தாவிப் போன பாறைகள் தண்ணீருக்கு அடியில் இருந்தன. முனையில் அலை வந்து அறைந்து, பின்வாங்கி, மறுபடி அறைந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பது அந்த நிமிடம் நினைவில் இல்லை. ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். முழங்கால் வரைக்கும் இறங்கியது. சிப்பி ஓடு காலைக் கிழித்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அப்போது குரல் வந்தது, பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"அம்மா! வராதே! தண்ணியில இறங்காதே! நான் மேல நிக்கறேன்! நீ வராதே!"

முழுக்க முழுக்கத் தமிழ். ஓர் ஆங்கில வார்த்தை இல்லை. அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. கால் தானாகப் பின்னால் வந்தது.

"எங்க நிக்கற?"

"கடைசிக் கட்டைக்கிட்ட! ஒரு பாறை! மேல ஏற முடியல, செங்குத்தா இருக்கு!"

"எவ்வளவு தண்ணி?"

"பாறை சின்னதாயிட்டே இருக்கு, அம்மா!"

கைப்பேசியில் சிக்னல் இல்லை. உலைச்சுவரின் மேல் வேரைப் பிடித்து ஏறினேன். அந்த வயதில், அந்த உடம்போடு, எப்படி ஏறினேன் என்று என் கணவர் இன்றுவரை கேட்கிறார். மேலே ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. அவசர உதவிக்கான ஒன்று ஒன்று ஒன்றை அழைத்தேன். ஒரு பெண் குரல், அவ்வளவு நிதானமாக, எங்கே, எத்தனை பேர், அடிபட்டிருக்கிறதா என்று கேட்டது. மீட்புப் படகை அனுப்புகிறோம், துறைமுகத்தின் மறுபக்கத்திலிருந்து வர வேண்டும், நேரமாகும், யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள் என்றது. யாரும் இறங்காதீர்கள் என்பதை அது மூன்று முறை சொன்னது. நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பது எப்படியோ அதற்குத் தெரிந்திருக்கிறது.

வைத்தவுடன் என் கணவர் அழைத்தார்.

"நான் நீந்தி வந்துர்றேன்..."

"நீங்க ஒண்ணும் புடுங்க வேண்டாம்! அங்கயே நில்லுங்க!" திருமணமான நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த மூச்சிலேயே, "என்னங்க, தம்பி... மீன் பிடிக்க வந்திருக்காருல்ல, அந்தத் தம்பிய..." என்றேன்.

"லைன்லதான் இருக்காரு. சேத்துட்டேன். பேசு."

மூன்று பேரும் ஒரே இணைப்பில். மோட்டார் சத்தத்துக்கு நடுவில் தம்பியின் குரல் கேட்டது. காலையில் சிரித்த குரல் இல்லை.

"அக்கா, நான் வந்துகொண்டிருக்கிறன். பிள்ளையைப் பாறையை விட்டு அசைய வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

கத்தினேன். "அசையாதே! தம்பி மாமா வராரு!" அந்தப் பக்கத்திலிருந்து "ஓகே!" என்று வந்தது. ஓகே என்ற சொல் அவ்வளவு இனிமையாக எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

சுவர் மேல் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏற ஏற, கீழே இருந்த எல்லாம் மூழ்கிக்கொண்டிருந்தது. ஒரு விநோதம் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலும் என் மூளையின் ஒரு மூலை வேலை செய்துகொண்டேயிருந்தது. இந்தத் தண்ணீருக்காகத்தான் அவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாங்கள் தப்பி ஓட நினைக்கிற தண்ணீருக்காக அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். கடல் ஏறினால்தான் மணல் வரும், கரி வரும், சோறு வரும். வற்றியிருக்கும்போது இது வெறும் சேறு. இப்போதுதான் இது துறை.

வெள்ளி நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. டின்னி! துள்ளித் துள்ளி வந்து, முனைக்கு வெளியே திடீரென்று வேகம் குறைத்தது.

"அக்கா, பிள்ளை தெரியுது. சிவப்புக் கோட்டு. ஆனா முன்னால முழுக்கச் சிப்பிப் பாறை கிடக்கு. தண்ணி கலங்கல், அடி தெரியேல்ல. எங்க ஆழம் எண்டு தெரியாமல் வந்தால் படகு பிளந்துபோடும்."

"தம்பி, கட்டைங்க தெரியுதா? ரெண்டு வரிசை?"

"நுனிதான் தெரியுது. ஓம், ரெண்டு வரிசை."

"அதுக்கு நடுவுல வாங்க. நடுவுல மட்டும். அங்க பாறைய வெட்டிப் பள்ளம் பண்ணியிருக்காங்க. படகுக்காகவே வெட்டினது."

"நிச்சயமோ அக்கா?"

நிச்சயமா? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அது ஒரு பெருமை. மகள் முன்னால், கேமரா முன்னால், நான் அளந்துவிட்ட பேச்சு. இப்போது அதன் மேல் ஒரு மனிதரின் படகும் என் பிள்ளையின் உயிரும் நிற்கின்றன. நான் பார்த்ததை ஒவ்வொன்றாக நினைவில் கொண்டுவந்தேன். நேரான ஓரங்கள். உளி பட்ட தடம். பள்ளத்தின் அடியில் கருப்பு மணல் மட்டும், பாறை இல்லை. உலைச்சுவர் வரைக்கும்.

"நிச்சயம். கண்ணால பாத்தேன். உலைச்சுவர் வரைக்கும் அப்படியேதான் இருக்கு."

"சரி. வாறன்."

இணைப்பில் மோட்டார் முனகலாகக் குறைந்தது. படகு முனைக்குப் பின்னால் மறைந்தது. என் கணவர் அக்கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். அலை அறைந்தது. அலுமினியத்தில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. தம்பி யாரிடமோ, "குதியாதை, மெதுவா, கையைத் தா, என்ர கையைத் தா" என்றார். பிறகு தொலைபேசி எங்கோ படகின் அடியில் விழுந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத நேரத்தைத்தான் இன்னும் என்னால் கடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஆகிவிட்டது. கொள்முதல் பிரிவில் கையுறைப் பெட்டிகளை எண்ணும்போது திடீரென்று கை நின்றுவிடுகிறது. எங்கேயும் போவதாக இல்லாதபோதும் கைப்பேசியில் மனுகாவின் கடல் நேரத்தைப் பார்க்கிறேன். மகள் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுகிறேன். "அம்மா, இது ஷவர்," என்கிறாள் உள்ளேயிருந்து.

முனைக்கு இந்தப் பக்கம் முதலில் வந்தது சிவப்பு. படகின் முன்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நனைந்த கோழி போல அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பி நின்றுகொண்டு, துடுப்பால் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, இரண்டு வரிசைக் கட்டைகளுக்கும் நடுவே, ஓர் அங்குலம் விலகாமல் வந்தார். எங்கேயும் தட்டவில்லை. எத்தனை காலமாக ஒரு படகும் வராத அந்த வழியில், டின்னி வழுக்கிக்கொண்டு வந்து, உலைச்சுவரில் மெதுவாக முட்டி நின்றது. சுவரில் அந்த இடத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. தம்பி பழக்கப்பட்டவர் போலக் கயிற்றை அதில் போட்டு இழுத்துப் பிடித்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். "போட்டோ எடுத்துட்டேன்," என்றாள். அதற்குப் பிறகு அழுதாள்.

நான் சுவரிலிருந்து இறங்கத் தெரியாமல் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை விடமாட்டேன் என்றது. படகு ஆடியது. தண்ணீர் கருப்பாக இருந்தது. என்னை அறியாமல் திரும்பி உலையின் பக்கம் பார்த்தேன். பிள்ளையார் இன்னும் உள்ளே அந்தக் கட்டியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தார், கழுத்தளவு தண்ணீரில்.

தம்பி அண்ணாந்து பார்த்தார். படகின் அடியில் இரண்டு ஸ்னாப்பர் கிடந்தன. அவர் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். காலையில் கேட்ட அந்தச் சிரிப்பு மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் வளையத்தைப் பிடித்தபடி, மறு கையை எனக்கு நீட்டினார்.

"ஏறுங்கோ அக்கா. இப்ப என்ன நேரமெண்டு மட்டும் கேக்காதேங்கோ."